ஊமை ரேடியோ

சிவகாமசுந்தரி வீட்டு ரேடியோ வாயை மூடி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. கெட்டுப்போகவில்லை, நன்றாகத்தான் இருந்தது. தினம் மாலை ஆறே முக்காலுக்கு அவள் குமிழைத் திருகினால் உள்ளே விளக்கு எரியும், வால்வுகள் சூடேறும், முகப்பில் இருக்கும் பச்சைக் கண் மெல்ல விழித்துக்கொள்ளும். ஆனால் பெட்டியிலிருந்து ஒரு முணுமுணுப்புகூட வராது. சத்தமெல்லாம் எதிர்வரிசையில், மருதமுத்து வீட்டுக் காம்பவுண்டில், ஜம்பு மரத்துக் கிளையில் கட்டியிருந்த ஸ்பீக்கரிலிருந்து வரும். அதைக் கேட்க அங்கே ஐம்பது பேர் கூடியிருப்பார்கள். இங்கே கூடத்தில் அவள் ஒருத்தி மட்டும், ஊமைப் பெட்டிக்கு முன்னால் முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இது யார் செய்த வேலை என்றால், அவளே செய்துகொண்ட வேலை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் காஜா பேராங் வட்டாரத்து ஜனங்கள் மீது வீண் பழி விழும்.

அவள் புருஷன் ராஜரத்தினம் வாங்கிய பெட்டி அது. பொதுப்பணி இலாகாவில் கணக்கு எழுதும் கிராணி. அவர் வாய் திறந்து பத்து வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும் என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள். அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் திரிஷா வண்டியில் அந்தப் பெரிய மரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். தான் பேசாததற்கெல்லாம் சேர்த்து இது பேசட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. பிள்ளை இல்லாத வீடு. பெட்டி வந்த பிறகு வீட்டில் மூன்று பேர் என்று ஆயிற்று. நான்கு வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பு வந்து அவர் போய்விட்டார்.

அதன் பிறகு அந்த வீட்டு வாசலை யார் மிதிப்பார்கள்? ஜனங்கள் பொல்லாதவர்கள் அல்ல. கல்யாணம், சடங்கு, வளைகாப்பு என்று எது நடந்தாலும் மறுநாள் காலையில் அவளுக்குப் பலகாரம் தவறாமல் வந்து சேரும். முந்தின நாள் அழைப்புதான் வராது. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்காமல் இருப்பதில் கொஞ்சம் பெருமைகூட வைத்திருந்தாள். எதிர்வீட்டில் யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்புகிற சத்தம் கேட்டால், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விடுவாள். இந்த விஷயத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

ஆனால் ரேடியோ கேட்க மட்டும் எல்லோரும் வந்தார்கள். அந்த லோரோங்கில், சந்து முழுவதுக்கும், அப்போது இருந்தது அந்த ஒரு ரேடியோதான். மலாயா வானொலியில் தமிழ் நிகழ்ச்சி தொடங்கும் நேரத்துக்கு, கூலிகளை மேற்பார்க்கும் மண்டோர் மருதமுத்துவின் மனைவி கமலவேணி முறத்தில் அரிசியை அள்ளிக்கொண்டு வந்துவிடுவாள். கல் பொறுக்கிக்கொண்டே பாட்டுக் கேட்பாள். அவள் மகள் கோகிலா ரவிக்கைக்குக் கொக்கி தைப்பாள். பக்கத்து வீடுகளிலிருந்து இன்னும் ஏழெட்டுப் பெண்கள், அவர்கள் இடுப்பில் குழந்தைகள். கூடத்தில் மெங்குவாங் ஓலைப் பாய் இரண்டை விரித்தால் நிறைந்துவிடும்.

சிவகாமசுந்தரிக்குப் பாட்டிலோ நாடகத்திலோ பெரிய பற்று ஒன்றும் இல்லை. அவளுக்கு வேண்டியது நிகழ்ச்சி முடிந்த பிறகு வரும் அரை மணி நேரம். ரேடியோவை அணைத்தாலும் யாரும் உடனே எழுந்திருக்க மாட்டார்கள். பாசாரில் மீன் விலை ஏறிய கதை, யார் வீட்டு மருமகள் யாரை எதிர்த்துப் பேசினாள் என்ற கதை, தெங்கேராக் கடைத்தெருவில் புதிதாக வந்த துணி, எல்லாம் அந்த அரை மணியில்தான் வரும். அந்த நேரத்தில் அவள் விதவை என்பது எல்லோருக்கும் மறந்து போயிருக்கும். அவளுக்கே மறந்து போயிருக்கும். அந்த அரை மணிக்காகத்தான் அவள் மிச்ச இருபத்து மூன்றரை மணி நேரத்தையும் தள்ளிக்கொண்டிருந்தாள்.

ஐம்பத்தாறாம் வருஷம் பிப்ரவரியில் பண்டார் ஹிலிர் திடலில் மலாயாவின் சுதந்திரத்துக்குத் தேதி சொன்னார்கள். மருதமுத்து அந்தக் கூட்டத்துக்குப் போய்த் தொண்டை கட்டித் திரும்பி வந்தார். அதிலிருந்து ஆம்பளைகளுக்கும் ரேடியோ பைத்தியம் பிடித்துக்கொண்டது. தினம் செய்தி கேட்டாக வேண்டும். ஆனால் புருஷன் இல்லாதவள் வீட்டுக் கூடத்துக்குள் ஆம்பளைகள் வந்து உட்கார முடியுமா? ஜன்னலுக்கு வெளியே, லோரோங்கில் நின்று கேட்டார்கள். ஒரு நாள் செய்தி நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஏழெட்டுப் பேர் இரண்டு குடைக்குள் ஒண்டிக்கொண்டு, காதை ஜன்னல் பக்கம் நீட்டியபடி நின்றதைப் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை.

“அவங்க பக்கம் சத்தம் போற மாதிரி ஏதாச்சும் வழி இருக்கா?” என்று ரஹீமைக் கூப்பிட்டு அவள்தான் கேட்டாள். ரஹீம் தெங்கேராவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவன். ராஜரத்தினம் இருந்தபோதே அந்தப் பெட்டியைப் பார்த்து வந்தவன்.

ரஹீம் பெட்டியின் முதுகைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். “இருக்குக்கா. பின்னாடியே வெளி ஸ்பீக்கருக்கு ரெண்டு ஓட்டை குடுத்திருக்கான். ஒயர இழுத்து மண்டோர் வூட்டுல ஒரு ஸ்பீக்கரக் கட்டிட்டா சரி. ஆம்பளைங்க அங்க ஒக்காந்து கேட்டுக்கட்டும். ஆனா ஒண்ணு. உள்ளயும் பாடி வெளியயும் பாடுச்சுன்னா ரெண்டும் அரை உசுராத்தான் இருக்கும். அங்க கடைசியில ஒக்காந்தவருக்குக் கேக்காது.”

“உள்ள இருக்கறத நிறுத்திட்டா?”

“அங்க கும்முனு கேக்கும். ஆனா இங்க ஒங்களுக்கு ஒண்ணும் கேக்காதேக்கா.”

இந்த இடத்தில்தான் அவள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். “அதனால என்ன? தோ, முப்பது அடி தள்ளி இருக்கு மண்டோர் வீடு. அங்க கேக்கறது இங்க கேக்காதா? உள்ள இருக்கறத நிறுத்திடு தம்பி” என்றாள். நம் பெட்டியால் இத்தனை பேர் நன்றாகக் கேட்கட்டும் என்ற தாராளம். அப்படி ஒரு தாராளத்துக்கு வேறு எந்த விஷயத்திலும் அவளுக்கு யாரும் வாய்ப்புக் கொடுத்ததில்லை.

ரஹீம் பெட்டியின் பின்னால் சின்ன சுவிட்ச் ஒன்றை வைத்தான். மேலே தள்ளினால் சத்தம் உள்ளே. கீழே தள்ளினால் வெளியே. கீழே தள்ளிவிட்டுப் போனான்.

முதல் நாள் காம்பவுண்டில் எழும்பிய சத்தத்தைக் கேட்டு லோரோங்கே கைதட்டியது. கமலவேணி ஓடி வந்து, “அக்கா, என்னமா கேக்குது தெரியுமா! வீட்டுக்காரரு ஒங்களக் கையெடுத்துக் கும்பிடச் சொன்னாரு” என்றாள். சிவகாமசுந்தரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அவள் யோசிக்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். ஆம்பளைகளுக்காகப் போட்ட ஸ்பீக்கர் அது. ஆனால் சத்தம் அங்கே போன பிறகு பெண்கள் இங்கே வந்து எதைக் கேட்பார்கள்? இரண்டாம் நாள் மாலை அவள் வழக்கம்போலப் பாயை விரித்து வைத்தாள். கமலவேணி முறத்தோடு தன் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மற்ற பெண்களும் அங்கேயே போய் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஸ்பீக்கர் நின்ற பிறகு அந்த அரை மணிப் பேச்சும் அங்கேயே நடந்தது. அவர்களைக் குற்றம் சொல்ல அதில் எதுவும் இல்லை.

“நீங்களும் வாங்கக்கா” என்று கமலவேணி கூப்பிடத்தான் செய்தாள். மூன்று நாள் மனசாரக் கூப்பிட்டாள். அடுத்த வாரம் பேச்சுக்குக் கூப்பிட்டாள். அதற்கப்புறம் விட்டுவிட்டாள்.

“டயல யாரு பாத்துக்கறது?” என்பாள் சிவகாமசுந்தரி. அது பொய் இல்லை. பெட்டி சூடேறச் சூடேற ஸ்டேஷன் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மயிரிழை அளவு திருப்பி வைக்காவிட்டால் பாட்டோடு கரகரப்பும் சேர்ந்துகொள்ளும். அவளுக்குச் சத்தம் கேட்காததால் பச்சைக் கண்ணைப் பார்த்துத்தான் திருப்புவாள். ஸ்டேஷன் சரியாக இருந்தால் பச்சை வெளிச்சம் விரிந்து இரண்டு ஓரமும் ஒட்டிக்கொள்ளும். நகர்ந்தால் நடுவில் கறுப்பாக இடைவெளி விழும். சில சமயம் அவள் கவனிப்பதற்குள் காம்பவுண்டிலிருந்து குரல் வந்துவிடும்.

“அக்கா, இரையுதுக்கா!”

திருப்புவாள்.

“ஆங், சரியாப் போச்சு!”

ஒரு நாளைக்கு அவளிடம் பேசுகிற மொத்தப் பேச்சு சில நாட்களில் இவ்வளவுதான்.

டயல் ஒரு காரணம். இன்னொன்றை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. தன் வீட்டுக்கு வந்தவர்கள் நடுவில் உட்காருவது வேறு, சுமங்கலிப் பெண்கள் கூடியிருக்கும் இன்னொருத்தி வீட்டுக்குத் தானாகப் போய் உட்காருவது வேறு. இரண்டாவது அவளால் ஆகாது. போய் உட்கார்ந்து, யாராவது ஒருத்தி லேசாக நகர்ந்து உட்கார்ந்தால்கூடப் போதும், அன்றைக்கு அவள் செத்துப்போவாள்.

முப்பது அடியில் இருப்பது இங்கே கேட்காதா என்று அன்று பெரிதாகக் கேட்டாளே, கேட்கத்தான் செய்தது. பாட்டு பாட்டாகவே கேட்டது. பேச்சுதான் பிடிபடவில்லை, கொழகொழவென்று வந்தது. வெள்ளிக்கிழமை சிரிப்பு நாடகம் வரும். யாரோ ஏதோ சொல்வார்கள், காம்பவுண்டே வெடித்துச் சிரிக்கும். கமலவேணியின் சிரிப்பு தனியாகத் தெரியும், விக்கல் மாதிரி நடுவில் நின்று நின்று வரும். இவள் பச்சைக் கண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு தடவை பொறுக்க முடியாமல் மறுநாள் கோகிலாவைக் கேட்டாள், “நேத்து நாடகத்துல என்ன கண்ணு அப்படிச் சிரிச்சீங்க?”

கோகிலா சொல்லத் தொடங்கினாள். பாதியில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம், “ம்ஹும், நான் சொன்னா வராது பெரியம்மா. அங்க இருந்திருக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மழை நாட்களில் இன்னும் மோசம். தகரக் கூரையில் மழை விழுகிற இரைச்சலில் வெளியிலிருந்து எதுவும் கேட்காது. அங்கே பாடிக்கொண்டிருக்கிறதா, கூட்டம் இருக்கிறதா, எல்லோரும் எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார்களா, ஒன்றும் தெரியாது. நிகழ்ச்சி முடிகிற நேரம் வரை திருப்பிக்கொண்டே இருப்பாள்.

சுவிட்ச் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. மேலே தள்ளினால் போதும். ஆனால் அந்த ஒன்றரை வருஷத்தில் ஒரு நிமிஷம்கூட அவள் அதைத் தொட்டதில்லை. அங்கே ஐம்பது பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போது அதை இங்கே திருப்புவது திருட்டு என்று நினைத்தாள். கொடுத்ததைத் திரும்பப் பிடுங்குகிற வேலை.

ஐம்பத்தேழு ஆகஸ்ட் கடைசி வாரம் மருதமுத்து அவள் வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்.

“அக்கா, சனிக்கிழமை காலையில கோலாலம்பூர்லேருந்து சுதந்திர விழாவ நேரா சொல்றாங்களாம். நம்ம லோரோங் ஆளுங்க மொத்தமும் வந்துரும், புக்கிட் ரம்பாய்லேருந்து என் மச்சானும் வர்றான். நீங்க ஏழு மணிக்கே பெட்டியப் போட்டு வச்சிருங்க. டயல் நகராமப் பாத்துக்குங்க, என்ன?”

“சரி” என்றாள்.

அவர் போன பிறகும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெட்டியைப் போட்டு வைக்கச் சொன்னார். டயலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நீங்களும் வாருங்கள் என்று மட்டும் சொல்லவில்லை. நாட்டுக்கே விடுதலை வருகிற நாள். அன்றைக்கும் அவள் முக்காலியில் உட்கார்ந்து பச்சைக் கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், ஜனங்கள் எதற்குக் கத்துகிறார்கள் என்று தெரியாமல். அவளுக்கு அழுகை வந்தது. அழுது முடித்த பிறகு கோபம் வந்தது. கோபம் வந்த பிறகு ஒரு யோசனையும் வந்தது.

அன்றைக்கு ஒரு நாள் சத்தத்தை உள்ளே திருப்பிவிட்டால் என்ன? ஒயரில் கோளாறு என்று சொல்லிவிடலாம். லோரோங்கில் வேறு ரேடியோ இல்லை. கேட்க வேண்டுமானால் எல்லோரும் இங்கேதான் வந்தாக வேண்டும். பெண்கள் கூடத்தில், ஆம்பளைகள் வராந்தாவிலும் வாசலிலும். அத்தனை பேர் நடுவில் யார் தப்பாகப் பேசப் போகிறார்கள்? விழா முடிந்ததும் யாரும் உடனே எழுந்து போகப் போவதில்லை. அந்த அரை மணி நேரம் ஒரே ஒரு தடவை அவளுக்குத் திரும்பக் கிடைக்கும். ஒரு தடவை வந்து உட்கார்ந்துவிட்டால் மறுநாளும் வரத் தோன்றாதா என்று மனசின் ஒரு மூலை கணக்குப் போட்டது.

வெள்ளிக்கிழமை மெங்குவாங் பாய்களை உதறிக் காய வைத்தாள். பெரிய சட்டியில் கடலையை ஊற வைத்தாள். வீட்டில் இருந்த டம்ளர்கள் எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்தாள். சனிக்கிழமை விடியும் முன்னாலேயே குளித்து, சுண்டல் தாளித்து, பாய்களை விரித்து, கதவை அகலத் திறந்து வைத்தாள். கதவு அப்படித் திறந்து ரொம்ப நாள் ஆகியிருந்ததால் கீல் முனகியது.

காலையிலிருந்தே வானம் மூடிக்கொண்டு லேசாகத் தூறியது. காம்பவுண்டில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். கோலாலம்பூரிலும் மழையாம், விழா கொஞ்சம் தாமதமாகுமாம் என்று காம்பவுண்டில் யாரோ கத்திச் சொன்னது அவள் காதில் விழுந்தது. கூட்டம் சேரச் சேர அவள் டம்ளர்களை எண்ணிப் பார்த்துக்கொண்டாள். கடைசியில், விழா தொடங்கப் போகிறது என்பது காம்பவுண்டில் எல்லோரும் ஒருவரையொருவர் அடக்கியதிலிருந்து தெரிந்தது. அவள் பெட்டிக்குப் பின்னால் கையைவிட்டு சுவிட்சை மேலே தள்ளினாள்.

கூடத்தில் சத்தம் இடி மாதிரி விழுந்தது. வெளி ஸ்பீக்கருக்காகக் கூட்டி வைத்திருந்த சத்தம் அல்லவா, அவள் பயந்து இரண்டு அடி பின்னால் போனாள். அப்புறம் ஓடிவந்து குறைத்தாள். பாண்டு வாத்தியம், பேசுகிறவரின் மூச்சு, கூட்டத்தின் இரைச்சல், எல்லாம் அட்சரம் பிசகாமல் கேட்டது.

“அக்கா! சத்தம் வரல்ல!” என்று வெளியிலிருந்து குரல் வந்தது. “அக்காவ்!”

அவள் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு கூடத்து நடுவில் நின்றாள். யாரோ ஓடி வருகிற காலடி கேட்டது. கோகிலா வாசலில் வந்து நின்றாள், தலையில் மழைத்துளி, கையில் காகிதக் கொடி.

“பெரியம்மா, அங்க திடீர்னு நின்னு போச்சு!”

“ஒயர்ல ஏதோ கோளாறு போல கண்ணு.” ஒத்திகை பார்த்து வைத்திருந்த பொய் தடங்கல் இல்லாமல் வந்தது. “இங்க நல்லா வருது பாரு. எல்லாரையும் இங்க வரச் சொல்லு. போ, சீக்கிரம் போ.”

கோகிலா பாய்களைப் பார்த்தாள், வரிசையாக வைத்திருந்த டம்ளர்களைப் பார்த்தாள். “சரி பெரியம்மா” என்று திரும்பி ஓடினாள்.

சிவகாமசுந்தரி சுண்டலைக் கிண்ணங்களில் போடத் தொடங்கினாள். நாலு கிண்ணம் போட்டு முடித்தும் யாரும் வரவில்லை. ஐம்பது பேர் எழுந்து வர நேரமாகும்தானே என்று இன்னும் நாலு போட்டாள். அப்புறம் ஜன்னலுக்குப் போனாள். காம்பவுண்டில் ஜனங்கள் எழுந்து நின்றிருந்தார்கள். ரஹீம் ஜம்பு மரத்தடியில் ஏணி போட்டு ஏறி ஸ்பீக்கரில் ஏதோ செய்துகொண்டிருந்தான். பிறகு அவன் கீழே இறங்கி, கையால் ஒயரைக் காட்டி, அப்புறம் இந்த வீட்டைக் காட்டி மருதமுத்துவிடம் ஏதோ சொன்னான். மருதமுத்து தலையை ஆட்டினார். யாரும் கோபப்பட்ட மாதிரித் தெரியவில்லை. லோரோங் முனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் கபீர், கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கடைப் பக்கம் ஓடினார். திரும்பி வரும்போது மார்போடு அணைத்தபடி எதையோ துண்டு போட்டு மூடிக் கொண்டு வந்தார். துண்டை எடுத்ததும் சின்னதாக, பளபளவென்று, ஒரு புது ரேடியோ.

ரஹீம் அதோடு இணைத்ததும் ஜம்பு மரத்து ஸ்பீக்கர் மறுபடியும் பேசியது. ஜனங்கள் உட்கார்ந்தார்கள். இந்த வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்தார்கள்.

அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை. கூடத்தில் பெட்டி தன் பாட்டுக்கு விழாவைச் சொல்லிக்கொண்டிருந்தது. ‘மெர்டேக்கா’, விடுதலை, என்ற குரல் ஏழு தடவை எழுந்தது. ஒவ்வொரு தடவையும் பெட்டிக்குள் ஆயிரக்கணக்கான பேர் கத்தினார்கள், உடனே காம்பவுண்டில் ஐம்பது பேர் கத்தினார்கள். ஒரு ஆள் தனியாக வீட்டுக்குள் நின்று கத்தினால் பைத்தியம் என்பார்கள். ஏழாவது தடவை அவளும் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அந்த இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கமலவேணி வந்தாள். ஒரு கையில் தூக்குச்சட்டி, இன்னொரு தோளில் ஒழுங்காகச் சுற்றிய ஒயர் வளையம். வாசல்படியில் நின்றாள்.

“உள்ள வா கமலம்.”

“இருக்கட்டும்கா, அடுப்புல வேலை கெடக்கு. பாயசம் கொண்டாந்தேன், நேத்து வச்சது.” தூக்குச்சட்டியை நீட்டினாள். “இந்த ஒயரு ஒங்க வீட்டு ஒயரு. ரஹீம் காலையில அவுத்துட்டான். பத்திரமாக் குடுக்கச் சொன்னான்.”

சிவகாமசுந்தரி இரண்டையும் வாங்கிக்கொண்டாள். “கோகிலா வந்து சொன்னாளா நேத்து?” என்றாள்.

“சொன்னாக்கா. நாங்களும் ஒயருதான் கெட்டுச்சின்னு நெனைச்சோம். ரஹீம்தான் டார்ச்சு லைட்டு பேட்டரிய வச்சுப் பாத்துட்டு, ஸ்பீக்கரும் நல்லா இருக்கு, ஒயரும் நல்லா இருக்கு, அக்கா சுவிட்ச உள்ள திருப்பிட்டாங்க போலன்னான்.” கமலவேணி அவசரமாகக் கையை ஆட்டினாள். “ஐயோ, யாரும் ஒண்ணும் தப்பா நெனைக்கலக்கா! எங்க வீட்டுக்காரருதான் சொன்னாரு. ஒன்றரை வருசமா அந்த அக்கா டயலத் திருப்பிக்கிட்டு ஒக்காந்திருக்கு, ஒரு நாளு அது வீட்டுல அது கேக்கக்கூடாதா, மெர்டேக்கா அன்னைக்குக்கூடவா நாம தொந்தரவு பண்றதுன்னு. எனக்கு வெக்கமாப் போச்சு. நாங்க அத நெனைச்சே பாக்கல.”

சிவகாமசுந்தரி ஒயர் வளையத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். “கபீர் பாய் ரேடியோ எப்ப வாங்குனாரு?”

“அதுவா? நோன்புப் பெருநாளுக்கே வாங்கிட்டாரு. நாலு மாசம் ஆச்சு.” கமலவேணி குரலைத் தாழ்த்தினாள். “அப்பவே அவரு சொன்னாரு, ஏன் அந்த அக்காவ சிரமப்படுத்தணும், என் பெட்டியவே காம்பவுண்டுல வச்சுக்குங்கன்னு. நாங்கதான் வேணாம்னுட்டோம்.”

“ஏன்?”

“ஒங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான். அக்காவுக்கு இருக்கறது அந்த ஒரு சந்தோஷம், தன் பெட்டியில எல்லாரும் கேக்கறாங்கன்னு. அதையும் எடுத்துட்டா பாவம்னு நான்தான் சொன்னேன். சில நாளு டயல் சரியா இருக்கறப்பவும் ‘அக்கா, இரையுது’ன்னு கத்துவோம். ஒங்களோட ஒரு வார்த்த பேசுன மாதிரி இருக்கும்ல.” சிரித்தாள். “கடைசியில பாத்தா, நீங்க சலிச்சுப் போயி இருந்திருக்கீங்க. நாங்க பெரிய உபகாரம் பண்றதா நெனைச்சுக்கிட்டிருந்தோம்.”

இல்லை கமலம், நீங்கள் எல்லோரும் இங்கே வந்து உட்கார வேண்டும் என்றுதான் திருப்பினேன் என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். சிவகாமசுந்தரியின் நாக்கு நுனி வரைக்கும் அது வந்தது. ஆனால் சொன்னால் கமலவேணி முகம் எப்படி மாறும் என்று அவளுக்குத் தெரியும். இரக்கப்படுவாள். இரக்கப்பட்டு நாளைக்கு முறத்தைத் தூக்கிக்கொண்டு வருவாள், பின்னாலேயே இன்னும் இரண்டு பெண்களை இழுத்துக்கொண்டு வருவாள், சாயங்காலம் முழுக்க அவர்கள் மனசு அந்தக் காம்பவுண்டில் இருக்கும். நாலு மாசமாக வந்துகொண்டிருந்தது பிச்சை என்று தெரிந்த பிறகு, இனி கேட்டு வாங்க அவளுக்கு மனசு வரவில்லை.

“ஆமா கமலம்” என்றாள். “கொஞ்சம் சலிப்பாத்தான் இருந்தது. ஒங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

“அப்பாடா!” கமலவேணிக்குப் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. “இப்பவாவது மனசத் தெறந்து சொன்னீங்களே. பாயசத்த வேற பாத்திரத்துல ஊத்திக்கிட்டு சட்டியக் குடுத்துருங்கக்கா. அதத் திருப்பிக் கொண்டாறதுக்குன்னு ஒரு நடை எதுக்கு ஒங்களுக்கு?”

அவள் உள்ளே போய்ப் பாயசத்தைக் கிண்ணத்தில் ஊற்றி, சட்டியைக் கழுவித் துடைத்துக் கொண்டு வந்து கொடுத்தாள். கமலவேணி அதை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். கேட்டு வரைக்கும் போனவள் திரும்பி நின்று, மனசார, அன்பாகச் சொன்னாள்.

“நிம்மதியா இருங்கக்கா. இனிமே நாங்க யாரும் ஒங்களத் தொந்தரவு பண்ண மாட்டோம்.”

கமலவேணி சொன்ன சொல் மாறாதவள்.